மாடிப்படி ஏறாத வைஃபை

டீச்சர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தபோது நெட் போய்விட்டது.

அவளுக்கு டீச்சர் என்று பெயர் வைத்தவர்கள் அவளிடம் உடற்பயிற்சி கற்றுக்கொள்பவர்கள். அப்புறம் தெருவே அப்படிக் கூப்பிட்டது. கடைசியில் மாமியாரும் கோபம் வரும்போது மட்டும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். மாடியில் இருக்கும் பெரிய அறையில் பாயை விரித்து, எதிரே ஸ்டூலில் லேப்டாப்பை வைத்து, தினமும் காலை எட்டு மணிக்கு முப்பது பேருக்கு வகுப்பு எடுப்பாள். முப்பது பேரும் அவரவர் வீட்டு ஹாலில் நின்று கையையும் காலையும் ஆட்டுவார்கள். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். சொன்னதைத் தட்டாமல் செய்கிறவர்கள். அன்றைக்கு அதுவே வினையாகிவிட்டது.

"வலது காலைத் தூக்குங்க. ரெண்டு கையும் மேல. அப்படியே நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் காலைக் கீழ..."

அந்த இடத்தில் திரை நின்றுவிட்டது. நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. டீச்சர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். அங்கே இல்லை. கட்டில்மேல் ஏறித் தலைக்கு மேலே பிடித்துப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. படிக்கட்டின் வளைவுக்கு ஓடி, கைப்பிடிச் சுவருக்கு வெளியே லேப்டாப்பை நீட்டினாள். போன உயிர் திரும்பி வந்தது. அதற்குள் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

திரையில் முப்பது பேரும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவருக்கு முகம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது. ஒரு அம்மாவை அவருடைய வீட்டுக்காரர் பின்னால் இருந்து முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் கண்ணை மூடி உதட்டைக் கடித்தபடி, தீர்ப்புக்குக் காத்திருக்கும் குற்றவாளியைப் போல நின்றார்.

"ஐயோ, இறக்குங்க! காலை இறக்குங்க!"

முப்பது கால்களும் ஒன்றாகத் தரையில் விழுந்தன.

"இன்னைக்குத்தான் டீச்சர் நிஜமான பயிற்சி," என்றார் நீதிபதி மூச்சு வாங்கிக்கொண்டே. "நீங்க நின்னீங்க பாருங்க, இமைகூட ஆடலை. மனுஷங்களால முடியுமா அது?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். வட்டம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

இது நடந்தது சனிக்கிழமை. அன்று மத்தியானமே ஒரு பெரிய கம்பெனியிலிருந்து வாட்ஸ்அப்பில் போன் வந்தது. அங்கே வேலை செய்யும் இருநூறு பேருக்கும் வாரத்தில் மூன்று நாள் வகுப்பு வேண்டுமாம். வருகிற வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும்; பிடித்திருந்தால் வேலை அவளுக்கு.

"உங்க பக்கம் நெட் எல்லாம் நல்லா இருக்கும்ல மேடம்?" என்று கேட்டார் கம்பெனி அதிகாரி அம்மா.

"அது பிரமாதமா இருக்குங்க," என்றாள் டீச்சர், படிக்கட்டு வளைவில் கைப்பிடியைத் தாண்டித் தலையை வெளியே நீட்டியபடி.

போனை வைத்ததும் நேராகக் கீழே இறங்கிப் போனாள்.

நெட் பெட்டி கீழே மாமியாரின் ஹாலில் இருந்தது. இருந்தது என்று கேள்விதானே தவிர, அவள் அதை நேரில் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. முன்னால் நாலடி நீளத்துக்கு மீன் தொட்டி. பின்னால் இரும்பு பீரோ. நடுவில் இருந்த சந்துக்குள் கையை விட்டுத் துழாவினால் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால், பெட்டிக்குக் கம்பளி நூலில் குல்லா பின்னிப் போட்டிருந்தார் மாமியார். இரண்டு விளக்கு எரியும் இடத்தில் மட்டும் ஓட்டை.

"தூசு படியுதேன்னு போட்டேன்," என்றார் அவர். அந்த வீட்டில் அவர் குல்லா போட்டுவிடாத பொருள் குறைவு. இப்போது மகனுக்காகச் சிவப்பும் நீலமும் பட்டை பட்டையாக ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். நாலு மாத வேலை. உடம்பு முடிந்து, வலது கையும் முடிந்து, இடது கை பாதியில் இருந்தது.

"அத்தை, பெட்டியை இங்கேயிருந்து எடுத்துப் படிக்கட்டு பக்கம் வச்சா மேல நெட் கிடைக்கும்."

"அது முடியாதும்மா. மேனேஜர் சாப்பிட மாட்டான்."

மேனேஜர் என்பது தொட்டியில் இருந்த ஒரு குண்டு ஆரஞ்சு மீன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு மேலும் கீழும் போவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அதனால் வந்த பெயர். பெட்டியில் பச்சை விளக்கு மினுக்மினுக்கென்று எரிவதைப் பார்த்துக்கொண்டேதான் அது சாப்பிடும் என்பது மாமியாரின் கண்டுபிடிப்பு.

"விளக்கு தெரியலைன்னா வாயே திறக்க மாட்டான். போன மாசம் கரண்ட் போனப்ப பார்த்தேன்ல?"

மீனோடு வாதாட முடியாது. டீச்சர் மேலே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கணவன் ஒரு பூஸ்டர் வாங்கி வந்தான். அவனுக்கு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. ராத்திரி முழுக்க ரொட்டி சுட்டுவிட்டுக் காலை ஏழு மணிக்கு மாவு வாசனையோடு வீட்டுக்கு வருவான். மாடியில் பெரிய அறைக்கு அடுத்த சின்ன அறையில் படுத்தானென்றால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். பூஸ்டரை டீச்சரின் லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே செருகினான்.

"பாரு, நாலு கோடும் வந்துருச்சு!"

"கோடு வந்துருச்சுங்க. நெட் எங்கே?"

பூஸ்டர் பாவம், அங்கே வந்து சேராத சிக்னலை வாங்கி, அதைப் பெருக்கி, மூலை முடுக்கெல்லாம் தாராளமாகப் பரப்பிக்கொண்டிருந்தது. கணவன் அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தான். "கடையில வேலை செஞ்சுதே," என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.

இத்தனையும் ஒரு ஓரமாக உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தார் மாமனார். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். உலகத்தில் எந்தப் பிரச்சினையாக இருந்தாலும், ஒன்றை மேலே தூக்கினாலோ கீழே இறக்கினாலோ தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்.

"ஏம்மா, சிக்னல் மேல வரலைன்னா பெட்டியை மேல தூக்கிட வேண்டியதுதானே? வகுப்பு நேரத்துல மேல. முடிஞ்சதும் கீழ. மேனேஜருக்கும் விளக்கு, உனக்கும் நெட்."

திங்கட்கிழமை விடிவதற்குள் வேலையை முடித்துவிட்டார். மாடிக் கூரையில் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு கப்பி, கப்பியில் கயிறு, கயிற்றின் நுனியில் வீடு துடைக்கிற நீல பிளாஸ்டிக் வாளி. பெட்டியை வாளிக்குள் உட்கார வைத்து, நீளமான ஒயர்களைப் பின்னால் விட்டு, படிக்கட்டுக்கு நடுவில் இருந்த இடைவெளி வழியாக மெல்ல மெல்ல மேலே இழுத்தார். முதல் மாடிக்கு வந்ததும் "டிங்" என்று வாயாலேயே மணி அடித்தார்.

வேலை செய்தது! திங்களும் செவ்வாயும் வகுப்பு ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்தது. "இன்னைக்கு ஏன் டீச்சர் நடுவுல நிறுத்தலை?" என்று நீதிபதி ஏமாற்றமாகக் கேட்டார்.

புதன்கிழமைதான் கவிழ்ந்தது. எட்டேகால் மணிக்கு முப்பது பேரும் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் அந்தரத்தில் தூக்கி வைத்திருந்தார்கள். கீழே மாமியார் தீனி டப்பாவோடு தொட்டி முன்னால் நின்றார்.

"ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடலை. பாருங்க, முகம் எப்படிச் சுண்டிப் போச்சு!"

"மீனுக்கு முகம் எப்பவும் அப்படித்தான்," என்றார் மாமனார், கயிற்றைப் பிடித்தபடி.

"உங்களுக்கு அவன் மேல என்னைக்கு அக்கறை இருந்துச்சு? இறக்குங்க அதை!"

"வகுப்பு முடியட்டும்."

"நானே இறக்கிக்கிறேன்."

மாமியார் கயிற்றைப் பறித்தார். அவருக்கு லிஃப்ட் தொழிலில் முன் அனுபவம் கிடையாது. வாளி சர்ரென்று இறங்கி, ஒயர் கைப்பிடியில் மாட்டி, அந்தரத்தில் தலைகுப்புறக் கவிழ்ந்தது. பெட்டி குல்லாவோடு விழுந்து மாமனாரின் முதுகில் பட்டு, சோபாவில் போய் உட்கார்ந்தது. குல்லா இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மாமனாருக்குக் குல்லா இல்லை.

மேலே மறுபடி வட்டம் சுற்றியது. முப்பது பேரும் காலைத் தூக்கியபடி எத்தனை நேரம் இருந்தார்கள் என்று டீச்சர் யாரிடமும் கேட்கவில்லை. நீதிபதி மட்டும் சாயங்காலம் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: "இடுப்பு போய்விட்டது. மனம் நிறைந்துவிட்டது."

இனி வீட்டு ஆட்களை நம்பினால் ஆகாது என்று டீச்சர் நெட் கம்பெனிக்குப் போன் செய்தாள். வியாழக்கிழமை மத்தியானம் முதுகில் பையும் தோளில் ஒயர்ச் சுருளுமாக ஒரு பெண் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றியதும் நேராகப் பெட்டியைப் போய்ப் பார்த்தாள். குல்லாவைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதுக்குக் குல்லா போட்டு, முன்னாடி தண்ணித் தொட்டியை வச்சு, முதுகுக்குப் பின்னாடி பீரோவை வச்சு, மேல கான்கிரீட்டையும் போட்டுட்டு, மாடிக்குப் போய்ட்டு வாடான்னா எப்படிங்க போகும்? தண்ணியும் இரும்பும் சிக்னலுக்கு ஆகவே ஆகாது."

"அப்ப தொட்டியை எடுக்கணுமா?" என்றார் மாமியார், குரல் தழுதழுக்க.

"வேணாங்கம்மா. எல்லாம் அப்படியே இருக்கட்டும். இந்தப் பெட்டியில இருந்து ஒரே ஒரு ஒயரை மாடிக்குக் கொண்டுபோய், அங்க இன்னொரு பெட்டி வச்சிரலாம். காத்துல போகாட்டி என்ன, கம்பியில போகட்டும்."

மாமியாருக்கு அவளை உடனே பிடித்துப்போனது. டீ போட்டுக் கொடுத்தார்.

ஒயர் போக வழியும் இருந்தது. பழைய டெலிபோன் லைனுக்காகச் சுவருக்குள் ஒரு பைப் பதித்திருந்தார்கள். கீழே சோபாவுக்குப் பின்னால் ஒரு ஓட்டை. மேலே டீச்சரின் அறையில் ஒரு ஓட்டை. நெட்காரப் பெண் கம்பியை விட்டுப் பார்த்தாள். பைப்பில் வளைவு அதிகம். கம்பி பாதியில் மடங்கிக்கொண்டது.

"மேல தூசு உறிஞ்சுற மெஷினை ஓட்டைல வச்சு இழுப்போம். கீழேயிருந்து லேசான நூல் ஒண்ணு, நுனியில பஞ்சைக் கட்டி விட்டா, காத்தோட மேல வந்துரும். நூல் வந்ததும் அதுல கயிறைக் கட்டுங்க, கயிறுல ஒயரைக் கட்டுவோம். அவ்ளோதான்."

கீழே நூலை விடும் பொறுப்பு மாமனாருக்கு. மாமியார் கொல்லைப்புறம் துணி எடுக்கப் போயிருந்தார். மாமனார் சுற்றுமுற்றும் பார்த்தார். சோபாவுக்குப் பக்கத்தில் கூடை. கூடைக்குள் சிவப்பு நூல்கண்டு. அதன் நடுவிலிருந்து ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார், பஞ்சைக் கட்டினார், ஓட்டையில் விட்டார். நூல்கண்டின் இன்னொரு நுனி எங்கே போகிறது என்று அவர் பார்க்கவில்லை. அது கூடைக்குள் ஊசியில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்வெட்டரின் இடது கைக்குப் போனது.

மேலே மெஷின் உறுமியது. பஞ்சு சுர்ரென்று வந்து விழுந்தது.

"வந்துருச்சு மாமா! கயிறைக் கட்டுங்க!"

"இரும்மா, கயிறு எடுத்துட்டு வர்றேன்," என்று மாமனார் சொன்னது மெஷின் சத்தத்தில் மேலே கேட்கவில்லை. அவர் சாமான் அறைக்குள் போனார். அதே நேரம் நெட்காரப் பெண்ணுக்குப் போன் வர, அவள் மெஷினை அணைத்துவிட்டு, "நீங்க இழுத்துட்டே இருங்க, கயிறு வரும்," என்று சொல்லி வெளி வராந்தாவுக்குப் போனாள்.

டீச்சர் இழுத்தாள். சிவப்பு நூல் வந்தது. வந்துகொண்டே இருந்தது. காலடியில் குவிந்தது.

"மாமா! இன்னும் நூல்தான் வருது!"

"இழும்மா, இழு!" என்று சாமான் அறையிலிருந்து ஒரு குரல்.

இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் நூல் லேசாகத் துள்ளித் துள்ளி வந்தது. நேராக இல்லாமல் சுருள் சுருளாக இருந்தது. அப்புறம் திடீரென்று நீலமாக மாறியது.

"மாமா, நிறம் மாறுது!"

"மாறினா மாறட்டும்மா!"

சரி, கயிறு கிட்டே வந்துவிட்டது என்பதற்கு இதுதான் அடையாளம் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கீழே மாமியார் துணி மூட்டையோடு உள்ளே வந்தார். கூடை தானாகத் துள்ளிக்கொண்டிருந்தது. பின்னல் ஊசி இரண்டும் தரையில் கிடந்தன. நாலு மாதத்து ஸ்வெட்டரின் இடது கை, வரிசை வரிசையாகப் பிரிந்து, சுவரைப் பார்த்து ஊர்ந்துகொண்டிருந்தது. துணி மூட்டையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து போய், சோபாவில் உட்கார்ந்து நூலைப் பிடித்து இழுத்தார்.

மேலே டீச்சரின் கையில் நூல் டக்கென்று நின்றது. வளைவில் மாட்டிக்கொண்டது என்று முடிவு செய்தாள். இப்படிப்பட்ட நேரத்தில் உடம்பை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு காலைச் சுவரில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி, முழங்காலை லேசாக மடக்கி, மூச்சை வெளியே விட்டபடி இழுத்தாள். கீழே மாமியார் சோபாவோடு ஒரு அடி நகர்ந்தார். அவர் எப்போதும் நல்ல முறுக்கு நூலாகப் பார்த்து வாங்குகிறவர். அது அறுந்தும் தொலையவில்லை.

அப்போது சுவர் ஓட்டைக்குள்ளிருந்து மாமியாரின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி வந்தது.

"ஐயோ, என் கை! என் கை போச்சே! கையை விடு டீச்சர்!"

டீச்சருக்கு ரத்தம் உறைந்தது. அத்தையின் கை பைப்புக்குள் மாட்டிக்கொண்டது! அதைத்தான் இவ்வளவு நேரம் மூச்சுப் பயிற்சியோடு இழுத்திருக்கிறாள்! நூலைப் போட்டுவிட்டு, பதினாறு படியையும் நாலே எட்டில் தாண்டிக் கீழே வந்து, மாமியாரின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கே அத்தை? எந்தக் கை? வலிக்குதா?"

"இந்தக் கை இல்லடி! அந்தக் கை!"

மாமியார் மடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புத் துண்டு கிடந்தது. டீச்சருக்கு விஷயம் புரிய ஐந்து விநாடி ஆனது. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். அந்த நேரம் பார்த்து மாமனார் சாமான் அறையிலிருந்து தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்து, கயிற்றைத் தூக்கிக் காட்டினார்.

"கிடைச்சிருச்சு!"

மாமியார் அவரைப் பார்த்த பார்வையில் அவர் கயிற்றை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

நெட்காரப் பெண் இறங்கி வந்து நிலைமையைப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நூல் இன்னும் பைப்புக்குள்ளதானே இருக்கு?" என்று கேட்டாள். "அப்ப முக்கால்வாசி வேலை முடிஞ்சுதுங்க. இந்த முனையில கயிறைக் கட்டணும். அவ்ளோதான்."

டீச்சர் மாமியார் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "மன்னிச்சிருங்க அத்தை. தெரியாம இழுத்துட்டேன். நூலைச் சுருட்டித் தர்றேன். நாளைக்கு வகுப்பு... சரி, அது போகட்டும். முதல்ல உங்க நூலைத் திரும்ப எடுத்துரலாம்."

மாமியார் கையில் இருந்த துண்டைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். அவளுடைய கன்னத்தில் தூசு, தலையில் பஞ்சு.

"நாலு மாசம் பின்னினதை நாலு நிமிஷத்துல இழுத்துட்டியே. என்ன பலம்டி உனக்கு! சோபாவே நகர்ந்துச்சு." பிறகு கையை நீட்டினார். "கயிறைக் கொடுங்க இப்படி. இவரு போடுற முடிச்சை நம்பினா மிச்சம் இருக்கிற கையும் போயிரும்."

பின்னல்காரி முடிச்சு. அது பைப்பின் எல்லா வளைவையும் தாண்டி, ஒரு இடத்திலும் சிக்காமல் மேலே வந்தது. நூலுக்குப் பின்னால் கயிறு, கயிற்றுக்குப் பின்னால் ஒயர். சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடியில் புதுப் பெட்டி உட்கார்ந்துவிட்டது. நெட்காரப் பெண் அறையின் நாலு மூலையிலும், கட்டிலுக்கு அடியிலும்கூட, போனைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். போகும்போது மாமியார் அவளுடைய டார்ச் லைட்டை வாங்கி, குல்லாவுக்கு அளவு எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மாமனார் ஏழரை மணிக்கே ஒரு நாற்காலியை சுவிட்ச் போர்டுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். மாமியார் மிக்ஸி போட வந்தார், விடவில்லை. மீட்டர் பார்க்க வந்த ஆளை வாசலிலேயே நிறுத்தி, ஒன்பது மணிக்கு மேல் வரச் சொல்லி அனுப்பினார்.

மேலே இருநூறு முகங்கள் திரையில் கட்டம் கட்டமாக நிறைந்திருந்தன. டீச்சர் "கையை மேல தூக்குங்க," என்று ஆரம்பித்தாள். நானூறு கைகள் மேலே போயின. அதற்கப்புறம் நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. எதுவும் நிற்கவில்லை, உடையவில்லை, சுற்றவில்லை. முக்கால் மணி நேரம் ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடியது. மூச்சுப் பயிற்சி முடிந்து கண்ணைத் திறந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம்," என்றார் அதிகாரி அம்மா. "படம் அவ்வளவு தெளிவு. ஒரே ஒரு சந்தேகம். நடுவுல பின்னாடி ஒருத்தர் துண்டைக் கட்டிக்கிட்டு, வாயில பிரஷ்ஷோட, சுவரைப் பிடிச்சுக்கிட்டே போனாரே. அதுவும் பயிற்சியா? எங்க ஆளுங்க இருபது பேர் அப்படியே செஞ்சுட்டாங்க."

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். சின்ன அறையின் கதவு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே, அன்றைக்கு வேலையிலிருந்து தாமதமாக வந்திருந்த கணவனின் குறட்டை.

"அது... அது தசையைத் தளர்த்துற நடைங்க."

திங்கட்கிழமை பதில் வந்தது. வேலை அவளுக்குத்தான். ஆனால் ஊழியர்கள் சீக்கிரம் ஆபீஸ் போக வேண்டும் என்பதால் வகுப்பு எட்டு மணிக்கு இல்லை, ஏழு மணிக்கு. அடுப்பிலிருந்து கணவன் வீடு வந்து சேருகிற நேரமும் அதுவே. சின்ன அறைக்குப் போக வேண்டுமென்றால் பெரிய அறையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"இருநூறு பேர் முன்னாடி நான் வாரம் மூணு நாள் நடந்து காட்ட முடியாது," என்றான் கணவன். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே போய்விட்டான். முதல் வகுப்பன்று வேலையிலிருந்து வந்ததும் ஹால் சோபாவில் கால் நீட்டிப் படுத்தான். படுத்த மறு நிமிடம் தூங்கிவிட்டான்.

வகுப்பு முடிந்து டீச்சர் தண்ணீர் குடிக்க இறங்கி வந்தபோது ஹாலில் சத்தமே இல்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஒலி இல்லாமல். சோபாவில் கணவன் வாயைப் பிளந்து தூங்கினான். மாமியார் டிவிக்குக் கிட்டத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நடிகர்களின் வாயசைவைப் பார்த்து, ஒவ்வொரு வசனத்தையும் தாமாகவே இட்டுக்கட்டி மாமனாரின் காதில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப அவ என்ன சொல்றா?" என்றார் மாமனார்.

"இனிமே இந்த வீட்ல என் பேச்சுதான்னு சொல்றா."

"அவன்?"

"சரிங்கிறான்."